ஆஸ்கார் 7: இறந்து பிழைத்த செயற்கைக்கோளும் அதன் மோடு கணக்கும்

ஆம்சாட்-ஆஸ்கார் 7, சுருக்கமாக ஏ.ஓ-7, என்பது அமெச்சூர் வானொலியாளர்களுக்காக 1974 நவம்பர் 15 அன்று விண்ணில் ஏவப்பட்ட செயற்கைக்கோள் ஆகும். ஆறரை ஆண்டுகள் உழைத்து, 1981ஆம் ஆண்டின் நடுவில் மின்கலம் பழுதாகி அது ஓய்ந்தது. இருபத்தொரு ஆண்டுகள் கழித்து, 2002 ஜூன் 21 அன்று, யாரும் தொடாமலேயே மறுபடி பேசத் தொடங்கியது. 2024இல் தன் ஐம்பதாவது ஆண்டை நிறைவு செய்தபோதும் அது சூரிய வெளிச்சத்தில் வேலை செய்துகொண்டிருந்தது. இன்றும் செயல்படும் செயற்கைக்கோள்களில் மிகப் பழையவற்றுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது.

உயிர்த்தெழுந்த பின் அதைப் பயன்படுத்துவோர் அனைவரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இப்போது எந்த மோடில் இருக்கிறது?" ஏ.ஓ-7க்கு ஏ மோடு, பி மோடு என்று இரண்டு முக்கிய இயக்கநிலைகள் உண்டு. அது எந்த நிலையில் இருக்கும் என்பதைத் தரையிலிருந்து யாரும் முடிவு செய்வதில்லை. சூரியனும், பூமியின் நிழலும், உள்ளே இருக்கும் 24 மணி நேரக் கடிகாரமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஆகவே அதன் மோடுகளைக் கண்காணித்துக் குறித்து வைப்பது உலகெங்கும் உள்ள ஹாம்கள் கூடிச் செய்யும் ஒரு வேலையாகிவிட்டது.

பின்னணி

அமெச்சூர் வானொலி என்பது உரிமம் பெற்ற தனிநபர்கள், வணிக நோக்கம் இல்லாமல், சொந்தக் கருவிகளைக் கொண்டு ஒருவரோடொருவர் தொடர்புகொள்ளும் பொழுதுபோக்கு. அதே அளவுக்கு ஒரு தொழில்நுட்பப் பயிற்சியும் கூட. இவர்களை ஹாம் என்று அழைப்பது வழக்கம். முதல் ஸ்புட்னிக் ஏவப்பட்டு நான்கே ஆண்டுகளில் இவர்கள் தமக்கென ஒரு செயற்கைக்கோளை அனுப்பிவிட்டனர். 1961 டிசம்பர் 12 அன்று அமெரிக்காவிலிருந்து கிளம்பிய ஆஸ்கார் 1 சுமார் நான்கரை கிலோ எடை கொண்டது. மோர்ஸ் குறியில் 'எச் ஐ' என்ற இரண்டு எழுத்துகளைத் திரும்பத் திரும்ப அனுப்புவது மட்டுமே அதன் வேலை. நான்கு புள்ளி, இரண்டு புள்ளி. ஹாம்களின் பேச்சில் அது சிரிப்பொலியைக் குறிக்கும். உள்ளே வெப்பநிலை மாறினால் அந்த எழுத்துகள் வரும் வேகமும் மாறும். கையில் நிறுத்துக் கடிகாரம் வைத்துக்கொண்டு எண்ணியவர்களுக்குச் செயற்கைக்கோளின் உடல் சூடு தெரிந்தது. காதால் கேட்டு, குறித்து, கணக்கிட்டு, மேலே நடப்பதை அறியும் இந்தப் பழக்கம் ஆஸ்கார் 7 வரைக்கும் தொடர்ந்து வருவதைக் கவனிக்க வேண்டும்.

1969இல் ஆம்சாட் அமைப்பு தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு மெல்பர்ன் பல்கலைக்கழக மாணவர்கள் கட்டிய ஆஸ்கார் 5 ஏவப்பட்டது. 1972 அக்டோபரில் ஏவப்பட்ட ஆஸ்கார் 6, பல ஆண்டுகள் தாங்கிய முதல் அமெச்சூர் செயற்கைக்கோள். 1977 ஜூன் வரை இயங்கியது. அதன் உடன்பிறப்பாகவே ஆஸ்கார் 7 உருவானது.

கட்டியவர்கள்

ஆஸ்கார் 7 ஒரு நாட்டுப் படைப்பு அல்ல. அமெரிக்கா, மேற்கு ஜெர்மனி, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நான்கு நாடுகளின் ஹாம்கள் பகுதி பகுதியாகச் செய்து ஒன்றுசேர்த்தனர். திட்டத்தை நடத்தியவர் ஜான் கிங். இரண்டாவது டிரான்ஸ்பாண்டரை, அதாவது ஒரு அலைவரிசையில் வருவதை வாங்கி இன்னொரு அலைவரிசையில் பெருக்கித் திருப்பி அனுப்பும் கருவியை, மேற்கு ஜெர்மனியின் மார்பர்க் நகரில் கார்ல் மெய்ன்சர் வடிவமைத்தார். குறைந்த மின்சாரத்தை வீணாக்காமல் அதிகச் சக்தியோடு ஒலிபரப்பும் முறை ஒன்றை அவர் அதில் கையாண்டார். சூரியத் தகடுகள் தரும் சொற்ப மின்சாரத்தில் எட்டு வாட் உச்சச் சக்தியை எட்ட அந்த முறைதான் உதவியது. அந்தச் சிக்கனம் 1974இல் வசதிக்காகச் செய்யப்பட்டது. 2002க்குப் பிறகு, மின்கலமே இல்லாத நிலையில், அதுவே அந்தச் செயற்கைக்கோளின் பிழைப்புக்கு வழியானது.

முழுச் செயற்கைக்கோளும் சுமார் 29 கிலோ. எட்டுப் பக்கங்கள் கொண்ட ஒரு பெட்டி. உயரம் 36 சென்டிமீட்டர், விட்டம் 42 சென்டிமீட்டர். பெரிய வீடுகளில் பொங்கலுக்கு இறக்கும் பித்தளைப் பானை அளவுதான். அதைத் திசைப்படுத்த எரிபொருளோ சக்கரங்களோ கிடையாது. உள்ளே வைத்த காந்தம் பூமியின் காந்தப் புலத்தோடு அதை ஒழுங்குபடுத்துகிறது. வெளியே நீண்டிருக்கும் ஆன்டெனாத் தகடுகளின் ஒரு பக்கம் ஒளியை உறிஞ்சவும் மறுபக்கம் எதிரொளிக்கவும் தக்கபடி வண்ணம் பூசியிருந்தார்கள். சூரிய ஒளியின் மிக நுண்ணிய அழுத்தம் அவற்றின் மீது பட்டு, காற்றாடிபோல அதை மெல்லச் சுழல வைக்கும். எந்தப் பக்கமும் நிரந்தரமாகச் சூடாகாமலும் குளிராமலும் இருக்க இந்த ஏற்பாடு. கெட்டுப்போகக்கூடிய பகுதி எதுவும் இதில் இல்லாததால் இது கெடவில்லை.

கலிபோர்னியாவின் வாண்டன்பர்க் தளத்திலிருந்து, நோவா-4 என்ற வானிலைச் செயற்கைக்கோளை ஏற்றிச் சென்ற டெல்டா ராக்கெட்டில், ஸ்பெயின் நாட்டின் இன்டாசாட் என்ற சிறு செயற்கைக்கோளோடு இதுவும் இடம் பிடித்துச் சென்றது. துருவங்களுக்கு அருகாகச் செல்லும் பாதை. உயரம் சுமார் 1,450 கிலோமீட்டர். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 115 நிமிடம். அந்த உயரத்தில் காற்றின் இழுப்பு மிகக் குறைவு. கீழே சுற்றிய எத்தனையோ செயற்கைக்கோள்கள் எரிந்து விழுந்துவிட்ட பின்னும் இது தன் பாதையிலேயே இருப்பதற்கு அதுவே காரணம்.

இரண்டு மோடுகள்

ஏ மோடில் ஹாம்கள் 145.850 முதல் 145.950 மெகாஹெர்ட்ஸ் வரை மேலே அனுப்புவார்கள். செயற்கைக்கோள் அதை 29.400 முதல் 29.500 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் திருப்பி அனுப்பும். இதன் சக்தி ஒன்றரை வாட்டுக்கும் குறைவு. பி மோடில் மேலே அனுப்புவது 432.125 முதல் 432.175 வரை; கீழே வருவது 145.975 முதல் 145.925 வரை. ஏறுமுகமாகப் போவது இறங்குமுகமாக வருவதைக் காணலாம். பி மோடு பட்டையைத் தலைகீழாகப் புரட்டுகிறது.

ஏன் இந்தப் புரட்டல்? ரயில் நம்மைக் கடக்கும்போது அதன் ஊதல் ஒலி தாழ்ந்துபோவது போல, செயற்கைக்கோள் நெருங்கும்போது அலைவெண் கூடும், விலகும்போது குறையும். இது டாப்ளர் விளைவு. 432 மெகாஹெர்ட்ஸில் இது சுமார் 8 கிலோஹெர்ட்ஸ் வரையும், 146இல் சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் வரையும் போகும். நேராகத் திருப்பினால் இரண்டும் கூடிப் பதினொன்றாகும். தலைகீழாகத் திருப்பினால் ஒன்றிலிருந்து மற்றது கழிந்து ஐந்தரை அளவில் நிற்கும். ரேடியோக் குமிழைக் கையால் திருகிக்கொண்டே பேசிய காலத்தில் இது பெரிய உதவி. இன்றைய அமெச்சூர் செயற்கைக்கோள்கள் பலவும் இந்த முறையைப் பின்பற்றுகின்றன.

இவை தவிர, பி மோடின் சக்தி குறைந்த வடிவமான சி மோடும், மின்கலம் நிரம்புவதற்காக ஓய்வெடுக்கும் டி மோடும் உண்டு. மோடு ஏதானாலும் அதைக் காட்டிக்கொடுப்பவை பீக்கன் எனப்படும் அடையாள ஒலிபரப்பிகள். 29.502 மெகாஹெர்ட்ஸில் ஒன்று, 145.975 அருகில் ஒன்று, கனடாவின் பங்களிப்பாக 435.100இல் ஒன்று. நான்காவதாக 2304.1 மெகாஹெர்ட்ஸில் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நுண்ணலைச் சங்கத்தார் செய்து கொடுத்த ஒரு பீக்கனும் உள்ளே இருக்கிறது. அதை இயக்க அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் அனுமதி தரவில்லை. ஏவப்பட்ட நாளிலிருந்து ஒருமுறையும் வாய் திறக்காமல் ஐம்பது ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தக் கருவியைச் செய்தவர்களின் மனநிலையை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பீக்கன் மோர்ஸில் 'எச் ஐ' என்று தொடங்கி, பிறகு எண்களை அனுப்பும். ஆறு வரிசை, வரிசைக்கு நான்கு எண்கள், ஒவ்வொன்றும் மூன்று இலக்கம். முதல் இலக்கம் வரிசையின் எண். அடுத்த இரண்டும் அளவீடு. சூரியத் தகடுகள் தரும் மின்னோட்டம், மின்கலத்தின் அழுத்தம், பல பகுதிகளின் வெப்பநிலை எல்லாம் இதில் அடக்கம். கடைசி எண் மட்டும் எதையும் அளப்பதில்லை. அது அளக்கும் கருவியையே சோதிப்பதற்கானது. அது 50க்கு அருகில் வந்தால் மற்ற எண்களை நம்பலாம். காகிதமும் பென்சிலும் ஒரு வாய்பாடும் இருந்தால் பள்ளி மாணவர்களும் ஒரு செயற்கைக்கோளின் நாடியைப் பிடித்துப் பார்க்கலாம் என்ற நிலையை இது உண்டாக்கியது. அமெரிக்காவில் ஆசிரியர்கள் இதை வகுப்புப் பாடமாகவே நடத்தினர்.

முதல் வாழ்க்கை

தொடக்க ஆண்டுகளில் மோடு ஒரு புதிராக இல்லை. ஒரு நாள் ஏ, மறுநாள் பி என்று கடிகாரம் மாற்றும். தேவைப்பட்டால் கட்டுப்பாட்டு நிலையங்கள் கட்டளை அனுப்பித் திருத்தும். எந்த நாள் எந்த மோடு என்பதை அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம்.

1975இல் ஒரு புதுமை நடந்தது. 432 மெகாஹெர்ட்ஸில் ஆஸ்கார் 7க்கு அனுப்பப்பட்ட பேச்சு, அதன் பி மோடில் 146 அருகே வெளிவந்தது. அருகில் பறந்துகொண்டிருந்த ஆஸ்கார் 6 அதை வாங்கி 29 மெகாஹெர்ட்ஸில் தரைக்கு அனுப்பியது. தரையிலிருந்து ஒரு செயற்கைக்கோள், அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து தரை: இரண்டு செயற்கைக்கோள்கள் வழியாக நேரடியாக ஹாம்கள் பேசிய முதல் நிகழ்வு இது. ஒன்றின் வெளியீட்டுப் பட்டையும் மற்றதன் உள்ளீட்டுப் பட்டையும் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருந்ததால்தான் இது கைகூடியது.

அதே காலத்தில் கனடாவின் ஆய்வாளர்கள் இந்த இரு செயற்கைக்கோள்களையும் கொண்டு, தரையிலுள்ள ஒரு சிறு ஒலிபரப்பியின் இருப்பிடத்தை டாப்ளர் மாற்றத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்று செய்து காட்டினர். நடுக்கடலில் கப்பலும் காட்டில் விமானமும் விபத்துக்குள்ளானால் தேடி மீட்கும் காஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு அமைப்பு பிற்காலத்தில் இந்தக் கருத்தின் மேல்தான் எழுந்தது. பொழுதுபோக்குக்காக ஏவப்பட்ட ஒன்றுக்கு இதைவிடப் பெரிய பலன் இருக்க முடியாது. ஆனால் ஆஸ்கார் 7 பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அது 'உயிர்த்தெழுந்த' கதையோடு நிறுத்திவிடுகிறார்கள்.

மின்கலம் செத்த விதம்

ஆஸ்கார் 7இல் இருந்தவை நிக்கல்-கேட்மியம் மின்கலங்கள். அடுக்கடுக்காகத் தொடுத்து, சூரியத் தகடுகளோடு இணையாக ஒரே மின்பாதையில் பொருத்தப்பட்டவை. வெளிச்சத்தில் தகடுகள் கருவிகளை இயக்கி மின்கலத்தையும் நிரப்பும். நிழலில் மின்கலம் பொறுப்பேற்கும். நாள்பட்ட நிக்கல்-கேட்மியம் கலங்கள் உள்ளுக்குள் ஷார்ட் ஆகிச் சாவது இயல்பு. 1981இன் நடுவில் அதுதான் நடந்தது.

ஷார்ட் ஆன மின்கலம் வெறுமனே பயனற்றதாக மட்டும் இருப்பதில்லை. தகடுகள் தரும் மின்சாரம் முழுவதையும் அதுவே விழுங்கிவிடும். ஓட்டை விழுந்த தொட்டியில் எவ்வளவு நீர் இறைத்தாலும் மட்டம் ஏறாதது போல, வெயில் எவ்வளவு அடித்தாலும் மின்பாதையின் அழுத்தம் உயரவில்லை. தகடுகள் நன்றாகவே இருந்தன. டிரான்ஸ்பாண்டர்களும் நன்றாக இருந்தன. எனினும் செயற்கைக்கோள் ஊமையாகிவிட்டது. ஆம்சாட் அது முடிந்துவிட்டதாக அறிவித்தது.

இந்த இடைக்காலத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. 1982 கோடையில், போலந்தில் ராணுவச் சட்டம் நடப்பில் இருந்தபோது, வ்ரோட்சுவாஃப் நகரத்தின் தலைமறைவு எதிர்ப்பாளர்கள் இந்தச் செயற்கைக்கோள் அவ்வப்போது விழிப்பதைக் கண்டு, அதன் வழியாகச் செய்திகள் அனுப்பினார்கள் என்பர். தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்ட காலத்தில் அப்படி ஒரு வழி அவர்களைக் கவர்ந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. பழுது முற்றுவதற்கு முன் வலுத்த வெயிலில் அது சில நேரம் எழுந்திருக்கக்கூடும் என்பதும் மின்னியல் நோக்கில் நடக்க முடியாததல்ல. ஆனால் இது நினைவுக் குறிப்பாக வழங்கும் செய்தி. நேரமும் அலைவரிசையும் குறித்த 2002ஆம் ஆண்டுச் சான்றுக்குச் சமமாக இதை வைக்க இயலாது.

2002 ஜூன் 21

அன்று மாலை இங்கிலாந்தின் பேட் கோவன், அழைப்புக்குறி ஜி3ஐஓஆர், இரண்டு மீட்டர் பட்டையில் வழக்கம்போல் கேட்டுக்கொண்டிருந்தார். செயற்கைக்கோள் தொடர்பில் பல்லாண்டு அனுபவம் உடையவர். ஆம்சாட்-யூகே அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். 145.974 மெகாஹெர்ட்ஸ் அருகே மெதுவான மோர்ஸ் ஒன்று கேட்டது. 'எச் ஐ', 'எச் ஐ', பிறகு எண்கள். அந்த நடையில் அனுப்பும் செயற்கைக்கோள் எதுவும் அப்போது இயக்கத்தில் இல்லை. டாப்ளர் மாற்றத்தைக் கொண்டு அது சுற்றுப்பாதையில் போகும் பொருள் என்பது தெரிந்தது. நேரத்தைக் கொண்டு கணக்கிட்டபோது ஆஸ்கார் 7இன் பாதையோடு பொருந்தியது. அடுத்தடுத்த நாள்களில் பிற நாடுகளிலும் அதைக் கேட்டார்கள். டிரான்ஸ்பாண்டரும் வேலை செய்வது தெரிந்தது. கட்டியவரான ஜான் கிங்கும் தன் பழைய நினைவுகளைத் தோண்டி எடுத்து விளக்கம் எழுத வேண்டிவந்தது.

நடந்தது என்ன? ஷார்ட் ஆகிக் கிடந்த மின்கலத் தொடரில் ஏதோ ஓரிடம் அறுந்து, சுற்று திறந்துகொண்டது. தொட்டியின் ஓட்டை தானாக அடைபட்டதற்கு இது ஒப்பு. இன்னும் சரியாகச் சொன்னால், ஓட்டைத் தொட்டியே குழாயிலிருந்து கழன்று விழுந்துவிட்டது. இனித் தகடுகளின் மின்சாரம் நேராகக் கருவிகளுக்குப் போகும். முதல் பழுதை இரண்டாவது பழுது சரிசெய்தது. இடையில் அது ஊமையாகச் சுற்றிய சுற்றுகள் ஏறத்தாழ 95,000.

மோடு கணக்கு

மின்கலம் இல்லாததால் பூமியின் நிழலுக்குள் நுழைந்த கணமே ஆஸ்கார் 7 அணைந்துபோகும். வெளியே வந்ததும் எல்லாம் புதிதாகத் தொடங்கும். எழும்போது ஏ மோடில் எழலாம், பி மோடில் எழலாம்; முன்கூட்டி உறுதி சொல்ல வழியில்லை. 24 மணி நேரக் கடிகாரமும் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கும்.

இதன் விளைவு வருடத்தின் பருவத்தைப் பொறுத்தது. அதன் பாதை சூரியனை நோக்கி அமைந்திருக்கும் கோணம் மெதுவாக மாறிக்கொண்டே வருகிறது. சில மாதங்களில் ஒவ்வொரு சுற்றிலும் நிழல் குறுக்கிடும். அதிகபட்சம் சுமார் 35 நிமிடம். அப்போது கடிகாரம் இரண்டு மணி நேரத்தைக்கூடத் தாண்டுவதில்லை. அதற்குள் நிழல் வந்து அழித்துவிடும். ஆகவே அந்த மாதங்களில் மோடு மாறினால் அது கடிகாரத்தின் செயல் அல்ல, விழிக்கும்போது விழுந்த பகடை. வேறு சில மாதங்களில் நிழலே படாது. அப்போது கடிகாரம் முழுதாக ஓடி, நாள்தோறும் ஒரே நேரத்துக்கு ஏவிலிருந்து பிக்கும் மறுநாள் பியிலிருந்து ஏக்கும் மாறும். அந்த மாறும் நேரம் எது என்பதை நிர்ணயிப்பது, நிழல் காலத்தின் கடைசிச் சுற்றில் அது வெளிச்சத்துக்கு வந்த கணம். அந்தக் கணத்தை யாரும் நேரில் பார்ப்பதில்லை. ஆகையால் நிழல் காலம் முடிந்த முதல் சில நாள்களில், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கேட்ட இரண்டு மூன்று பேரின் குறிப்புகளை வைத்து நேரத்தைக் குறுக்கிக் குறுக்கிக் கண்டுபிடிக்கிறார்கள்.

ஒரு குறிப்பில் வேண்டியது கொஞ்சம்தான்: கிரீன்விச் நேரம், கேட்டவரின் இடம், எந்தப் பீக்கன் கேட்டது, டிரான்ஸ்பாண்டர் வேலை செய்ததா. எதுவும் கேட்கவில்லை என்பதும் ஒரு குறிப்பே. தலைக்கு மேல் செல்லும் ஒரு கடப்பு அதிகபட்சம் இருபத்திரண்டு நிமிடம். ஒருவரால் நாளொன்றுக்குச் சில கடப்புகளையே கேட்க முடியும். ஆனால் அது நாளுக்குப் பன்னிரண்டரை முறை பூமியைச் சுற்றுகிறது. ஐரோப்பாவில் ஒருவர் காலையில் ஏ என்று குறித்து, ஜப்பானில் ஒருவர் அதே நாள் மாலையில் பி என்று குறித்தால், மாற்றம் எந்த இடைவெளியில் நடந்தது என்பது தெரிந்துவிடும். பீக்கனும் சில வேளை குழப்பும், 145.975இல் வர வேண்டியது திடீரென்று 435 மெகாஹெர்ட்ஸுக்குத் தாவுவது உண்டு. பீக்கன் கேட்கவில்லை என்பதற்காக பி மோடு இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது என்பதை அனுபவத்தில் கற்றார்கள்.

மனிதர்களும் இந்தக் கணக்கைக் கெடுக்கிறார்கள். பி மோடில் யாரேனும் அளவுக்கு மீறிய சக்தியோடு அனுப்பினால், டிரான்ஸ்பாண்டர் அதற்கு ஈடாகப் பேச முயன்று மின்சாரத்தை இழுக்கும். மின்கலம் இல்லாததால் அழுத்தம் தொய்ந்துவிடும். அப்போது அலைவெண் ஆடி, எல்லோர் குரலும் தண்ணீருக்குள் பேசுவது போல நெளியும். இன்னும் மிஞ்சினால் செயற்கைக்கோள் அணைந்து மறுபடி எழும், கடிகாரமும் பூஜ்யமாகும், அதுவரை பல நாள் கூடிக் கண்டுபிடித்த மாறும் நேரம் வீணாகும். குறைந்த சக்தியில் பேசுங்கள், எஃப்.எம். வேண்டாம், மோர்ஸ் என்றால் நல்லது என்று மூத்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுதான் காரணம். முதியவர் இருக்கும் வீட்டில் குரலைத் தாழ்த்திப் பேசச் சொல்வது போன்றதே இது.

சட்டமும் இந்தியாவும்

ஆஸ்கார் 7 திரும்பி வந்தபோது உலகம் மாறியிருந்தது. 1979ஆம் ஆண்டு உலக வானொலி மாநாட்டுக்குப் பின் அமெச்சூர் செயற்கைக்கோள்களுக்கான 70 சென்டிமீட்டர் பட்டை 435 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் என்று வரையறுக்கப்பட்டது. 432.125இல் தொடங்கும் இதன் பி மோடு உள்ளீடு அதற்கு வெளியே நிற்கிறது. விதி வருவதற்கு முன்பே போய்விட்ட ஒன்றை இறக்கித் திருத்த முடியாது. அங்கே அனுப்புவது முறைதானா என்ற விவாதம் 2002லேயே எழுந்தது. பெரும்பாலான நாடுகளின் ஹாம்கள் பயன்படுத்தவே செய்கின்றனர்.

இந்தியாவில் நிலை வேறு. இங்கே ஹாம்களுக்கு ஒதுக்கப்பட்ட 70 சென்டிமீட்டர் பட்டை 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டுமே. ஆகவே சென்னையிலோ மதுரையிலோ உள்ள ஒரு ஹாம் பி மோடில் கேட்கலாம், பேச முடியாது. அவருக்குத் திறந்திருக்கும் கதவு ஏ மோடு ஒன்றுதான். அதன் உள்ளீடு 144 முதல் 146 வரையிலான பட்டைக்குள் வருகிறது. இன்று ஏ நாளா பி நாளா என்று முன்கூட்டி அறிவது மற்றவர்களுக்கு வசதி. நம்மவர்களுக்கு அது பேச முடியுமா முடியாதா என்பதையே தீர்மானிக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் எட்டும் தூரம் பெரியது. 1,450 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அதன் பார்வை வட்டத்தின் விட்டம் சுமார் 7,900 கிலோமீட்டர். கணக்குப்படி சென்னையும் டோக்கியோவும் ஒரே நேரத்தில் அதன் பார்வைக்குள் வரலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடமே ஒரு செயற்கைக்கோள் உண்டு. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி6 ஏவிய ஹாம்சாட், அதாவது வி.ஓ-52. அதில் இந்திய டிரான்ஸ்பாண்டர் ஒன்றும் நெதர்லாந்தின் மாணவர் ஒருவர் கட்டிய டிரான்ஸ்பாண்டர் ஒன்றும் இருந்தன. உள்ளீடு 435 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் அமைந்ததால் இந்திய ஹாம்கள் தயக்கமின்றிப் பேசினர். உரத்த, தெளிந்த குரல் அதற்கு. ஒன்பது ஆண்டுகள் நன்றாக உழைத்து 2014 ஜூலையில் அதுவும் மின்கலக் கோளாறால்தான் ஓய்ந்தது. அதன் மின்கலம் லித்தியம்-அயனி வகை.

ஆஸ்கார் 7இன் பிழைப்பு அந்த அறுந்த கலத்தைப் பொறுத்தது. அது மறுபடி ஒட்டிக்கொண்டால் 1981இன் நிலை திரும்பும். தகடுகள் கதிர்வீச்சில் தேய்ந்துகொண்டே போவது வேறு. அப்படி ஒரு நாள் அது நின்றால் உடனே யாருக்கும் தெரியப்போவதில்லை. முதல் நாள் ஒருவர் 'கேட்கவில்லை' என்று குறிப்பார். நிழல் என்றோ, பீக்கன் 435க்குத் தாவியது என்றோ மற்றவர்கள் நினைப்பார்கள். 29.502இல் ஒருவரும் 145.975இல் ஒருவரும் 435.1இல் ஒருவருமாகக் கேட்டு, பல கண்டங்களிலிருந்து பல நாள் அதே சொல் திரும்பத் திரும்ப வந்த பிறகுதான் பதிவேட்டில் அந்த நாளை எழுத முடியும்.